முழுக் கட்டணம், பாதிக் கப்பல்

முலா, முட்டா என்று இரண்டு நதிகளும் அவற்றைத் தேக்கும் அணைகளும் உண்டே தவிர, புனே நகரத்துக்குக் கடல் கிடையாது; ஆனாலும், சஹ்யாத்ரி மலைத்தொடருக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் இந்நகரத்து ஜனங்களுக்குக் கடலின்மேல் இருக்கும் மோகம், கரையோரத்து ஊர்க்காரர்களுக்கு இருக்குமா என்பது சந்தேகம்தான். கோடை விடுமுறை வந்துவிட்டால் அலிபாக், முருட், தாபோலி என்று கொங்கணக் கரை நெடுக எம்.எச்.12 என்ற எண்பலகை தாங்கிய கார்கள் வரிசையாக நிற்கும். கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மோகம், சில வருஷங்களாகக் கப்பலேறவும் துணிந்துவிட்டது. விடியற்காலையில் போர்காட் இறங்கி, நண்பகலுக்குள் பம்பாய் பல்லார்டு துறையை அடைந்து, சாயங்காலம் கோவா நோக்கியோ லட்சத்தீவு நோக்கியோ மிதந்துகொண்டிருப்பது என்பது, ஷஷ்டியப்தபூர்த்தி கண்ட தம்பதிகளுக்கும், கல்யாணமாகி மூன்று மாதமான ஐ.டி. கம்பெனி ஜோடிகளுக்கும் ஒருங்கே எட்டக்கூடிய ஆசையாகிவிட்டது.

பழைய தலைமுறைக்கும் ஒரு கப்பல் உண்டு. பம்பாயிலிருந்து ரத்னகிரி வழியாகக் கோவா வரை ஓடிய ஸ்டீமர்கள் நின்றுபோய் வெகுகாலமாகிறது. சௌகரியம் என்று சொல்லிக்கொள்ள அவற்றில் ஒன்றும் பிரமாதமாக இருந்ததில்லை. மேல்தளத்தில் ஜமுக்காளம் விரிக்க இடம் பிடித்தவன் பாக்கியசாலி. ஆயினும் அந்த ஸ்டீமர் ஒரு விஷயத்தில் யாரையும் ஏமாற்றியதில்லை: தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் கப்பல் கிடையாது, மழை ஓய்ந்து கடல் அடங்கின பிறகுதான் மறுபடி சேவை என்பதைக் கொங்கணத்துப் பாட்டி முதல் பள்ளிக்கூடத்துப் பையன் வரை எல்லோரும் அறிந்திருந்தார்கள். சிராவணப் பௌர்ணமியன்று கோளி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பிக்கும் நாரளி பூர்ணிமைப் பண்டிகையே, அடைபட்டிருந்த கடல் திறந்தது என்பதற்கான பகிரங்க அறிவிப்பல்லாமல் வேறென்ன? அடைப்பு இருந்தது, அதன் நாள் பஞ்சாங்கத்திலேயே இருந்தது.

இன்றைய உல்லாசக் கப்பல்களைப் பற்றிப் பிரயாணிகள் சொல்லும் மனக்குறையோ வேறு ஜாதியைச் சேர்ந்தது. பணத்தை மாதக்கணக்கில் சேர்த்து, விடுப்புக்கு மன்றாடி, பெட்டி கட்டிக்கொண்டு ஏறின பிறகு, நீச்சல்குளத்தின்மேல் வலை விரித்திருப்பதையும், உணவுக்கூடத்தின் கதவில் ‘பணி நடைபெறுகிறது’ என்ற பலகை தொங்குவதையும், படுக்கையறைக்கு நேர் மேலே காலை ஏழு மணிக்கு இரும்பைத் தேய்க்கும் யந்திரம் அலறுவதையும் காண்பதுதான் அது. விளம்பரப் பிரசுரத்தில் எல்லாம் திறந்திருந்தன. ஏறின கப்பலில் பாதி அடைத்திருந்தது. கட்டணத்தில் மாத்திரம் ஒரு காசு அடைபடவில்லை.

எங்கள் குடியிருப்பில், பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர் இருக்கிறார். ராஸ்தா பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். இந்த ஊரைப் பூனா என்றுதான் இன்னும் சொல்லுவார். சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன இடத்தில், அவரையும் அவர் மனைவியையும் மகன் ஒரு பெரிய கப்பலில் ஏற்றி அனுப்பினான். கப்பலின் பெயர் இங்கே வேண்டாம். திரும்பி வந்தவர், கணக்கர்களுக்கே உரிய ஒழுங்கோடு, அந்தக் கப்பலின் வழவழப்பான பிரசுரத்தை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். முகப்பில் நீலமாய் ஒரு குளம். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி. அதற்கும் ஒரு குறி. நாடக அரங்கத்துக்குப் பாதிக் குறி, ஏனென்றால் ஒரு நாள் இரவு மாத்திரம் திறந்தார்களாம். “வேலை நடக்கறது தப்பே இல்லே சார். எங்க ஆபீஸ்லகூட வெள்ளையடிப்பா. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மாசம் தள்ளிப் போயிருப்போமே” என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் மட்டும் வந்தது: “முழங்கால் வலிக்கு அந்த வெந்நீர்த் தொட்டி நல்லதுன்னு சொல்லித்தானே பிள்ளை என்னை ஏத்தி விட்டான்!”

இந்தப் பெரியவர் சொன்ன ‘முன்னாடியே ஒரு வார்த்தை’தான் இக்கட்டுரையின் விஷயம் முழுவதும். அதை லோகம் முழுவதும் பேசும்படி செய்த சம்பவம் ஒன்று 2018-ஆம் வருஷம் மார்ச் மாதம் நடந்தது. அமெரிக்காவின் மயாமித் துறையிலிருந்து பனாமாக் கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிப் பதினாறு நாள் பிரயாணமாகப் புறப்பட்ட ‘நார்வீஜியன் சன்’ என்னும் கப்பலில், கால்வாயின் மதகுகள் திறந்து மூடும் விந்தையைக் காண வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டு ஏறியிருந்த முதியவர்கள் அநேகர். ஏறின பிறகோ, தளம் தளமாக மராமத்து நடந்துகொண்டிருக்கிறது. உலோகத்தைத் தேய்க்கும் ஓசை, வர்ணத்தின் நெடி, வார்னிஷின் நெடி, நாற்காலிகளின்மேல் படிந்த தூசி, அடைத்த குளங்கள், கயிறு கட்டிய தளங்கள். வேலை செய்த தொழிலாளர்கள் முகமூடியும் பாதுகாப்பு உடையும் தரித்திருக்க, இரண்டு கஜ தூரத்தில் தாங்கள் காற்று வாங்க உட்கார்ந்திருந்ததாகப் பிரயாணிகள் புகார் சொன்னார்கள். நடுக்கடலில் இருப்பவன் கோபித்துக்கொண்டு எழுந்து எங்கே போவான்? ஹோட்டலில் அறை பிடிக்கவில்லையென்றால் எதிர்வீதியில் வேறு ஹோட்டல் இருக்கிறது. கப்பலில் பிடிக்கவில்லையென்றால் எதிரே இருப்பது பசிபிக் சமுத்திரம்! ஆகவே பிரயாணிகள் கூட்டம் கூடினார்கள், கூச்சலிட்டார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். கம்பெனி முதலில் முன்வந்து அளித்த பரிகாரம், அடுத்த பிரயாணத்தில் கழித்துக்கொள்ளும்படியாக, செலுத்திய கட்டணத்தில் 25 சதவீதம்.

இப்படி ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஏன் மராமத்துச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, கப்பல் தொழிலின் கணக்குப் புஸ்தகத்தில் விடை இருக்கிறது. கடலில் உயிர்க் காப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, பிரயாணிக் கப்பல் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஐந்து வருஷத்தில் இரண்டு முறையாவது அதன் அடிப்பாகத்தைப் பார்வையிட வேண்டும். அடிப்பாகத்தைச் சரிவரப் பார்க்கவும் பழுது நீக்கவும் கப்பல் உலர்துறைக்குப் போக வேண்டும். அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் வரும்படி பூஜ்யம், செலவோ ஏராளம். ஆகையால், நீருக்கடியில் உள்ள உடலையும் சுழலியையும் சுக்கானையும் மாத்திரம் உலர்துறைக்கு ஒதுக்கிவிட்டு, நீருக்கு மேலே செய்யக்கூடிய கம்பளம் மாற்றுதல், தளத்துப் பலகை பெயர்த்தல், குளத்தின் ஓடு பதித்தல், வர்ணம் பூசுதல் முதலிய வேலைகளைக் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டால் அத்தனை நாள் மிச்சம் என்று நிர்வாகம் கணக்குப் போடுகிறது. அதற்கென்றே மராமத்து ஆட்களைக் கூட்டமாக ஏற்றிச் செல்லும் வழக்கம் இத்தொழிலில் வெகுநாளாக உண்டு.

வியாபாரக் கணக்கு என்ற அளவில் இதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உப்புக் காற்றில் நாளெல்லாம் நிற்கும் இரும்பு, பராமரிப்பு இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? மராமத்தே செய்யாத கப்பலில் ஏறுவதைக் காட்டிலும் மராமத்து நடக்கும் கப்பலில் ஏறுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இந்தக் கணக்கிலிருந்தே இன்னொரு விஷயமும் ஸ்பஷ்டமாகிறது. உலர்துறையில் இடம் பிடிப்பதும், ஆட்களைத் திரட்டுவதும், கம்பளத்தையும் ஓட்டையும் வாங்கி எந்தத் துறைமுகத்தில் ஏற்றுவது என்று தீர்மானிப்பதும் முதல் நாள் ராத்திரி நடக்கும் காரியங்களல்ல. மாதக்கணக்கில் முன்னதாகவே தேதி வாரியாக எழுதி வைத்த திட்டம் அது. எந்தத் தேதியில் எந்தத் தளம் அடைபடும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், கம்பளம் விற்றவனுக்குக்கூடத் தெரியும். தெரியாதவன் அந்தத் தேதிக்குச் சீட்டு வாங்கின பிரயாணி ஒருவனே. அறிவிப்பின்மை என்பது இங்கே மறதியாக இருக்க நியாயமில்லை. சொன்னால் சீட்டு விற்காது, அல்லது விலையைக் குறைத்து விற்க நேரும் என்ற அச்சத்தால் பேசாதிருப்பதென்று தீர்மானித்தாயிற்று என்பதே என் அபிப்பிராயம்.

கடலை விட்டு நம் ஊருக்கே வருவோம். புனேயின் லோஹகாவ் விமான நிலையம் விமானப் படையின் ஓடுபாதையை நம்பியிருப்பது. அந்த ஓடுபாதையைப் புதுப்பிக்கும் வேலை 2020 அக்டோபர் இறுதியில் தொடங்கியபோது, இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை விமானம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஜனங்களும் முணுமுணுத்துக்கொண்டே பழகிவிட்டார்கள். பதினான்கு நாள் முழு அடைப்பும் வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் தொடங்குவதாக முதலில் அறிவித்து, கொரோனாக் கெடுபிடியில் ஒத்திவைத்து, பிறகு அந்த வருஷம் அக்டோபர் 16 முதல் 29 வரை நிலையம் அடைத்திருக்கும் என்று சொன்னார்கள். எப்போது சொன்னார்கள்? அக்டோபர் முதல் வாரத்தில்! தசராவுக்கு மறுநாளிலிருந்து, தீபாவளிக்கு ஐந்தாறு நாள் முன்பு வரை அடைப்பு. பண்டிகைக்குச் சென்னைக்கும் டில்லிக்கும் சீட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் பம்பாய்க்கு டாக்ஸி தேடி அலைந்தார்கள். விமானத்தை ரத்து செய்வதானால் இரண்டு வாரம் முன்னதாகப் பிரயாணிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நம்முடைய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமானக் கம்பெனிகளுக்கு விதித்திருக்கிறது. விமானம் இறங்கும் தரையையே அடைக்கிறவர்கள் தந்த அவகாசமோ அந்த இரண்டு வாரத்துக்கும் குறைவு. ஓடுபாதை பழுதுபட்டால் செப்பனிட்டுத்தான் ஆக வேண்டும். அதை ஆட்சேபித்தவர் எவரும் இல்லை. வந்த ஆத்திரமெல்லாம் தேதியைப் பற்றியது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் மகாராஷ்டிரத்திலேயே பார்த்தோம். பண்டரிபுரத்தில் விட்டலனின் பாதங்களைத் தொட்டு வணங்குவது வாரகரி பக்தனுக்கு ஜன்ம சாபல்யம். ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பல்லக்குகளோடு புறப்பட்டு, புனே வீதிகளில் தங்கி, நாட்கணக்கில் நடப்பது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். கோயிலின் புராதன உருவத்தை மீட்டெடுக்கும் திருப்பணிக்காக, 2024 மார்ச் 15 முதல் அந்தப் பாத ஸ்பரிச தரிசனத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அதை முன்னதாகவே பகிரங்கப்படுத்தினார்கள். காலை வேளையில் சில மணி நேரம் தூரத்திலிருந்து முக தரிசனம் உண்டு என்றும் சொன்னார்கள். சித்திரை யாத்திரை இடையில் வந்தது, பக்தர்கள் வந்தார்கள், முகத்தைத் தரிசித்துத் திரும்பினார்கள். ஜூன் தொடக்கத்தில் பாத தரிசனம் மறுபடி தொடங்கியது, ஆஷாட ஏகாதசிக்கு வெகு முன்பாகவே. கர்ப்பக்கிருகத்தையே அடைத்தபோது எழாத கூக்குரல், ஒரு நீச்சல்குளத்தை அடைத்தபோது எழுகிறது என்றால், பக்தன் பொறுமைசாலி, உல்லாசப் பிரயாணி அவசரக்காரன் என்று அர்த்தமா? நான் அப்படி நினைக்கவில்லை. பக்தனுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்திருந்தது, தெரிந்தே புறப்பட்டான்.

நம் தமிழ்நாட்டுக் கோயில்களில் இந்த மரியாதை ஒரு சாஸ்திரமாகவே இருக்கிறது. ஜீர்ணோத்தாரணம் செய்யும்போது மூலஸ்தானத்தின் சாந்நித்தியத்தைக் கலசத்திலோ படத்திலோ ஆவாகனம் செய்து, வேறிடத்தில் பாலாலயம் எழுப்பி அங்கே வைத்துப் பூஜையைத் தொடர்வார்கள். பாலாலயம் ஆகிவிட்டது என்றால் ஊர் முழுவதும் அறியும்; கும்பாபிஷேகம் வரை மூலவர் தரிசனம் இல்லை என்பதும் அறியும். அடைப்பை அறிவிப்பது, அடைத்ததற்கு ஈடாக வேறொன்றைத் திறந்து வைப்பது என்ற இரண்டு தர்மங்களும் அந்த ஒரு சடங்குக்குள் அடங்கிவிடுகின்றன. கப்பல் கம்பெனிக்கு ஆகமம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேல்தளத்துக் குளத்தை அடைக்கும் வாரத்தில் கீழ்த்தளத்துச் சிறு குளத்தை நள்ளிரவு வரை திறந்து வைக்கலாமே என்ற யோசனைக்கு ஆகமம் தேவையில்லை.

‘குளம் அடைத்திருந்தால் என்ன, கப்பல் ஊர் போய்ச் சேர்ந்ததல்லவா?’ என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டுகளும் வெகுகாலம் அப்படித்தான் வாதித்துக்கொண்டிருந்தன. ஒப்பந்தம் மீறினதால் பணநஷ்டம் எவ்வளவு என்று கேட்பார்களே தவிர, மனம் நொந்ததற்கு விலை போட மாட்டார்கள். இங்கிலாந்தில் 1972-ல் முடிவான ஜார்விஸ் வழக்குதான் அந்தப் பாதையை மாற்றியது. அதன் விவரங்களைப் படித்தால் சிரிப்பும் இரக்கமும் ஒருசேர வரும். ஜார்விஸ் ஒரு வக்கீல். வருஷத்தில் கிடைக்கும் இரண்டு வார விடுமுறையை ஸ்விட்சர்லாந்தின் பனிமலையில் கழிக்க, 63 பவுன் 45 பென்ஸ் செலுத்தினார். விருந்தினர் கூட்டமாய்க் கூடிக் களிக்கும் இல்லம் என்று பிரசுரம் சொல்லியிருந்தது. முதல் வாரம் பதின்மூன்று பேர் இருந்தார்கள், இரண்டாவது வாரம் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. இல்லத்தின் உரிமையாளருக்கு ஆங்கிலம் தெரியாது; ஆகவே பேச்சுத் துணையும் போயிற்று. மாலைத் தேநீரோடு ஸ்விஸ் பட்சணங்கள் என்றார்கள். வந்தது உருளைக்கிழங்கு வறுவலும் உலர்ந்த கேக்கும். மலைநாட்டுப் பாடகர் வந்து பாடும் இரவு ஒன்று உண்டு என்றார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வேலை உடுப்போடேயே வந்து, நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். கீழ்க் கோர்ட்டு, கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிற்று. டெனிங் பிரபு தலைமை வகித்த மேல் கோர்ட்டோ, விடுமுறை என்ற ஒப்பந்தத்தில் விற்கப்படும் சரக்கே மகிழ்ச்சிதான்; அது கிடைக்காதபோது, கிடைக்காத மகிழ்ச்சிக்குத்தான் ஈடு தர வேண்டும் என்று கருதி, செலுத்திய தொகையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக 125 பவுன் கொடுக்கச் செய்தது. மகிழ்ச்சிக்கும் ஒரு விலை உண்டென்று சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது.

நம் தேசத்துக்கு இந்த ஞானம் வேறு வழியாக வந்தது; அந்த வழி புனேயில் தொடங்கிற்று என்பதை இவ்வூர்க்காரர்களே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். கோவா விடுதலைப் போரில் ஈடுபட்ட பிந்துமாதவ் ஜோஷி, விலைவாசியும் பதுக்கலும் குடும்பங்களை வாட்டிய 1974-ஆம் வருஷம், இந்த நகரத்தில் கிராஹக் பஞ்சாயத்து என்னும் நுகர்வோர் இயக்கத்தை ஆரம்பித்தார். பருப்பு, எண்ணெய், சர்க்கரையை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வதில் வேரூன்றிய அந்த நுகர்வோர் முயற்சிதான் படிப்படியாக வளர்ந்து, வாங்குகிறவனுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையாகி, 1986 டிசம்பர் 24-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறப்பதற்கான காரணங்களில் ஒன்றாயிற்று. 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அலைக்கழிப்புக்கும் மன உளைச்சலுக்கும்கூட நஷ்டஈடு தரலாம் என்று தெளிவாக்கியது. 2020 ஜூலை 20 முதல் அமுலில் இருக்கும் புதிய சட்டமோ, சேவைக் குறைபாடு என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது, சம்பந்தப்பட்ட தகவலை நுகர்வோரிடமிருந்து வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடுதான் என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. எங்கள் குடியிருப்புப் பெரியவர் கேட்ட ‘முன்னாடியே ஒரு வார்த்தை’, சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே ஏறிவிட்டதென்று சொல்லலாம்.

இதே சட்டம் இன்னொரு பெரிய உபகாரமும் செய்திருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே மனுப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணமும் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். அமெரிக்கப் பிரயாணிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 1991-ல் அங்கே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கில், மேற்குக் கோடியில் வாஷிங்டன் மாகாணத்தில் வசித்த தம்பதிகள், கப்பலில் காலிடறி விழுந்ததற்கு நஷ்டஈடு கேட்டபோது, சீட்டின் பின்புறத்துச் சிற்றெழுத்துக்களில் கண்டபடி, தேசத்தின் மறுகோடியில் இருக்கும் ப்ளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சிங்கப்பூரிலோ மயாமியிலோ கப்பலேறும் நம்மவர்கள், அந்தச் சிற்றெழுத்துக்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது நல்லது.

சிற்றெழுத்தில் இன்னொரு வாசகமும் தவறாமல் இருக்கும்: பிரயாணத்தின் எந்த அம்சத்தையும் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி மாற்றவும் நிறுத்தவும் கம்பெனிக்கு அதிகாரம் உண்டு என்பது. புயல் வந்தால் துறைமுகத்தைத் தவிர்ப்பதற்கு அந்த அதிகாரம் வேண்டியதுதான். 2022 ஜூனில், சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டிலியா உல்லாசக் கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி தராததால், நிகழ்ச்சி நிரலில் இருந்த அந்த ஊரில் பிரயாணிகள் இறங்காமலே போக நேர்ந்தது; அனுமதி கையில் இல்லாத துறையை நிரலில் அச்சிடலாமா என்பது வேறு கேள்வி, ஆயினும் அங்கே தடை வெளியிலிருந்து வந்தது. தானே தேதி குறித்துத் தானே ஆள் ஏற்றி நடத்தும் மராமத்துக்கும் புயலுக்கென்று வாங்கின அதிகாரத்தையே ஒருவர் கேடயமாகப் பிடித்தால், அது நியாயமான ஒப்பந்தம் ஆகாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களைச் செல்லாதென்று அறிவிக்கப் புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. என்ன காரணத்தாலோ அந்த அதிகாரத்தை ஜில்லா ஆணையத்துக்குத் தராமல், மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு வார உல்லாசப் பிரயாணத்தில் ஏமாந்தவன் ஒப்பந்த வாசகத்தை எதிர்த்து மாநில ஆணையத்தின் படியேறுவான் என்று சட்டம் எழுதினவர்கள் எண்ணியிருக்கலாம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் தகவலை மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டை ஜில்லா ஆணையமே விசாரிக்கலாம். அதற்கு முன்படியாக 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துகொள்ளவும் செய்யலாம்.

அடுத்த பிரயாணத்தில் கழிவு என்னும் பரிகாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்து சதவீதம் என்று கேட்கக் கௌரவமாகத்தான் இருக்கிறது. அதை அனுபவிக்க வேண்டுமானால், மனக்கசப்போடு இறங்கின அதே கம்பெனியிடம் மிச்சம் எழுபத்தைந்து சதவீதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். ரொக்கமாகத் தருவது நஷ்டஈடு. கழிவாகத் தருவது மறு வியாபாரம். எழுபது வயதில் ஒரே ஒரு முறை கப்பலேற முடிந்தவருக்கு அந்தச் சீட்டு, பெட்டியில் வைத்திருக்கும் பழைய காலண்டருக்குச் சமானம்.

இந்தச் சங்கதிகளெல்லாம் நமக்கு இப்போது தூரத்துச் செய்திகளல்ல. 2021 செப்டம்பர் 18-ல் பம்பாயிலிருந்து ஓடத் தொடங்கிய கோர்டிலியாவின் ‘எம்ப்ரெஸ்’, 1990-ல் பிரான்ஸ் தேசத்தில் கட்டி, வேறு பெயர்களில் வேறு சமுத்திரங்களில் ஓடி வந்த கப்பல். அதே நிறுவனம், நார்வீஜியன் கம்பெனியின் இரண்டு கப்பல்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பதாக 2025-ல் அறிவிப்பு வெளியாயிற்று. ஒன்று ‘நார்வீஜியன் ஸ்கை’. 2027-ல் வருவதாகச் சொல்லப்பட்ட மற்றொன்று, பனாமாக் கால்வாயில் தூசி பறக்கச் சென்ற அதே ‘நார்வீஜியன் சன்’. 2001-ல் நீரில் இறங்கின கப்பலுக்கு அப்போது வயது இருபத்தாறு இருக்கும். நன்றாகப் பராமரித்தால் அது ஒன்றும் கிழப்பருவமில்லை. ஆனால் பராமரிப்பு அடிக்கடி வேண்டியிருக்கும் வயது. பழைய கப்பல்கள் நம் கரைக்கு வருவதில் தவறேதும் இல்லை, புதுக் கப்பலின் கட்டணம் நம்மில் அநேகருக்குக் கட்டுப்படியாகாது. லக்ஷ்மி ரோட்டிலோ டெக்கான் ஜிம்கானாவிலோ உள்ள பிரயாண ஏஜெண்டிடம் முன்பணம் கட்டப் போகிறவர்கள், ஜன்னல் அறையா, பால்கனி அறையா, சைவச் சமையல் தனியா என்று கேட்பதோடு, இந்தக் கப்பல் கடைசியாக எப்போது உலர்துறைக்குப் போயிற்று, அடுத்தது எப்போது, நாங்கள் போகும் வாரத்தில் எந்தெந்தத் தளம் அடைத்திருக்கும் என்பதையும் கேட்கட்டும். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கட்டும். எல்லாம் திறந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏதேனும் அடைத்திருந்தால், ஜில்லா ஆணையத்துக்கு அந்த ஒரு காகிதம் போதும். எழுதித் தரமாட்டேன் என்று ஏஜெண்டு சொன்னால், முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அலிபாக்குக்குப் பஸ் ஏறலாம்.